ஹோஸ் சங்கிலி, இரண்டு

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் றோட்டில்
ரயர்க் கடைக்கு மேல்மாடி, எங்கள் கந்தோர்.
குழாய்க்கிணறு அடிக்கிற கொம்பனி.
செலவுப் புத்தகம் எழுதுவது நான்.
ஆழம் அடியில், காசு சதத்தில்.

பங்குனியில் ஒரு பட்டியல் வந்தது,
சீமெந்துப் பில்லின் பின்பக்கத்தில், கிரீஸ் விரலடையாளத்தோடு.
கிரீஸ் நான்கு ரின்.
பிட் ஒன்று, பல் தேய்ந்துவிட்டது.
கையுறை ஆறு சோடி.
ஹோஸ் சங்கிலி இரண்டு.
கீழே யோகறஞ்சனின் கையெழுத்து.

முதலாளி சிவப்புப் பேனையைத் தந்தார்.
"டீசல் விலை தெரியும்தானே, பிள்ளை.
எது இல்லாட்டியும் றிக் ஓடுமோ, அதை வெட்டு."
கையுறை ஆறை மூன்றாக்கினேன்,
ஆளுக்கொரு கை போதுமென்று நினைத்தேனோ என்னவோ.
சங்கிலி எதற்கென்று தெரியாது.
தெரியாததை வெட்டுவது சுலபம்.
கோடு நேராக வந்தது.

யோகறஞ்சன் கட்டாரில்
எண்ணெய்க் கிணற்றில் ஏழு வருசம் நின்றவன்.
சம்பளம் எடுக்க மாடியேறிய ஒருநாள்
பேர்சிலிருந்து பிளாஸ்ரிக் அட்டை ஒன்றைக் காட்டினான்.
அதில் விரித்த உள்ளங்கை.
"ஆபத்தெண்டு கண்டால் இதை உயர்த்தலாம், அக்கா.
தேத்தண்ணி ஊத்துறவனும் உயர்த்தலாம்.
முழு றிக்கும் நிக்கும்.
ஏனெண்டு பிறகுதான் கேப்பினம்."
"நீ உயர்த்தினியோ?"
"ஒருக்கா. ஒரு நட்டுக்காக.
மனேச்சர் கை தந்தார்.
அடுத்த மாசம் எண்ணெய் விலை விழ
முதல் அனுப்பின ஆக்களில என்ர பேரும்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சித்திரை. முத்தையன்கட்டுப் பக்கம்
கனகேஸ்வரியின் கச்சான் தோட்டம்.
காப்பை அடைவு வைத்து முற்பணம் கட்டியவள்.
நூற்றியறுபது அடியில் கருங்கல்.
கொம்பிறசரை ஏற்றச் சொன்னான் பற்றிமாகரன்.
மூட்டில் காற்றுச் சீறுகிறதென்று
யோகறஞ்சன் கையை உயர்த்தினானாம்,
அட்டை இல்லாத வெறுங்கையை.
"ஆருக்கடா ஆசீர்வாதம்?" என்று சிரித்தார்களாம்.
இன்னும் இருபது அடிதான்.
றிக் ஒருநாள் நின்றால் முப்பத்தெட்டாயிரம் நட்டம்.
அந்தக் கணக்கும் நான் போட்டுக் கொடுத்தது.

மூட்டுக் கழன்றதும் ஹோஸ் எழும்பியது
பாம்பு மாதிரி, என்றான் ஒருவன்.
பாம்பு பார்த்துக் கொத்தும்,
இது பார்க்கவில்லை, என்றான் மற்றவன்.
தாடை. இடது கண். தோள்மூட்டு.

மறுநாள் வேறு ஆட்கள் போய் மிச்ச அடியை இறக்கினார்கள்.
நல்ல தண்ணீர், உவரே இல்லை.
கனகேஸ்வரி பாக்கிக் காசை எண்ணி வைத்தாள்,
பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீரும்.
"ஆஸ்பத்திரிக்குப் போனால் குடுங்கோ."

வவுனியா ஆஸ்பத்திரியில்
தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.
போத்தலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.
சம்பள உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்:
சங்கிலி வந்ததோ?
கோபத்தில் கேட்டானா,
மற்றப் பொடியளுக்காகக் கேட்டானா,
எழுத்தில் அது தெரியவில்லை.

இன்று வந்தது. ஒரு முழ நீளம்,
என் சாவிக்கொத்தைவிடக் கொஞ்சம் பாரம்.
ஒன்று ஆயிரத்து நானூற்றைம்பது.
தொழில் திணைக்கள ஐயா வியாழன் வருகிறாராம்.
"பங்குனித் திகதி போடு, பிள்ளை," என்கிறார் முதலாளி.
"அவன்ர கேசுக்கும் அதுதான் நல்லது."

பங்குனித் திகதி போட்டால்
சங்கிலி இருந்தது.
இருந்த சங்கிலியைக் கொழுவாதவன் யோகறஞ்சன்.
சிவப்புக் கோடு விழுந்த சீமெந்துப் பில்
இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது,
கோட்டுக்குப் பக்கத்தில் என் சின்னக் கையெழுத்தோடு.

கீழே ரயர்க் கடையில் காற்றடிக்கிறார்கள்.
குழாயைக் கழற்றும் ஒவ்வொரு தரமும்
என் தாடை இறுகுகிறது.
திறந்த புத்தகத்தில், திகதி எழுதும் இடத்தின்மேல்
உள்ளங்கையை விரித்து வைத்திருக்கிறேன்.
முதலாளி
இரண்டாம் தரம் கேட்கிறார்.